பதிலை எதிர்பார்த்து ஒரு ஆங்கிலக் கடிதத்தை எப்படி முடிப்பது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இருக்கும் பையர்களுக்குத் தினமும் மெயில் போடுகிற வேலை. ஒவ்வொரு மெயிலின் கடைசியிலும் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று எழுதுவது என் பழக்கம். புதிதாக வந்திருக்கும் மேலாளர் 'ஹியர்' என்பதை 'ஹியரிங்' என்று திருத்துகிறார். 'டு' வந்தால் அதன் பின்னால் வினைச்சொல் அப்படியே வர வேண்டும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்' என்றும் எழுதக் கூடாதாம், 'ஐ லுக் ஃபார்வர்ட்' என்றுதான் எழுத வேண்டுமாம். ஷிப்மெண்ட் தாமதமாகி மன்னிப்புக் கேட்கிற மெயிலிலும் இந்த வரியைப் போடலாமா? இங்கிலாந்தில் வேலைக்கு விண்ணப்பிக்கும் என் தம்பிக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் விஷயத்தில் உங்கள் மேலாளர் சொல்வது முழுக்கச் சரி. 'ஹியரிங்' என்றுதான் எழுத வேண்டும். 'ஐ லுக்'கா 'ஐ ஆம் லுக்கிங்'கா என்பதில் அவர் சொல்வது பாதி சரி. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கும் மெயிலில் இந்த வரி வேண்டாம். உங்கள் மூன்று கேள்விகளில் இதுதான் முக்கியமானது என்று நினைக்கிறேன், அதற்குப் பிறகு வருகிறேன்.

பள்ளியில் நீங்கள் படித்த விதியில் தவறு இல்லை. ஆங்கிலத்தில் 'டு' இரண்டு வேலை செய்கிறது, நமக்கு அதில் ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்லிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 'ஐ கோ டு ஸ்கூல்' என்றால் பள்ளிக்குப் போகிறேன். 'ஐ வாண்ட் டு ஸ்டடி' என்றால் படிக்க விரும்புகிறேன். முதல் வரியில் அது நம் 'கு' உருபு. இரண்டாவதில் 'படிக்க' என்பதன் ஈற்றில் இருக்கிற 'க்க'. தமிழில் 'பள்ளிக்கு', 'படிக்க' இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை, ஈறே வேறு. ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல் நிற்பதால் கண் ஏமாந்துபோகிறது.

இரண்டுக்கும் ஒரே சொல் வந்ததற்குக் காரணமும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கு முன்னால் 'டு' வந்தால், அந்த வினை ஒரு பெயர்ச்சொல்லைப் போல நான்காம் வேற்றுமை ஈறு ஏற்று நிற்கும். நாம் 'செய்வதற்கு' என்று சொல்வது போன்ற அமைப்பு. காலப்போக்கில் ஈறுகள் எல்லாம் உதிர்ந்துபோய், முன்னால் நின்ற 'டு' மட்டும் வினையின் அடையாளமாகத் தங்கிவிட்டது. இடத்தையும் திசையையும் காட்டும் 'டு' தன் பழைய வேலையிலேயே இருந்தது. ஒரே வேரில் கிளைத்த இரண்டு இன்று வேறு வேறு இலக்கணம் பேசுகின்றன. உருபாக நிற்கும் 'டு'வுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வர வேண்டும். அங்கே ஒரு வினையைக் கொண்டுவர வேண்டுமானால் 'இங்' சேர்த்து அதைத் தொழிற்பெயராக்கித்தான் கொண்டுவர முடியும்.

'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் மூன்று சொல்லும் சேர்ந்து ஒரே வினை. அதில் இருக்கும் 'டு' உருபு வகை, அடுத்து வரும் வினைக்கு அது சொந்தமில்லை. இதைச் சரிபார்க்க நமக்குத் தமிழே போதும். 'உங்களைச் சந்திக்க எதிர்நோக்குகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். காதில் இடிக்கிறது அல்லவா? 'சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்' என்றுதான் வாயில் வரும். அந்த 'சந்திப்பதை' தான் 'டு மீட்டிங்'. 'சந்திக்க விரும்புகிறேன்' என்பது தமிழில் ஒழுங்காக உட்காருகிறது, அதனால் 'வாண்ட் டு மீட்'. ஆங்கில இலக்கணப் புத்தகத்தைத் திறக்காமலே உங்கள் காது பதில் சொல்லிவிடும்.

ஆங்கிலத்துக்குள்ளேயே ஒரு சோதனை வேண்டுமென்றால், 'டு'வுக்குப் பின்னால் 'இட்' போட்டுப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' சரியாக நிற்கிறது, அப்படியானால் வினையை 'இங்' போட்டு எழுதுங்கள். 'ஐ வாண்ட் டு இட்' நிற்கவில்லை, அப்படியானால் வினை வெறுமனே வரட்டும். இந்தச் சோதனை தடுமாறும் இடங்களும் சில உண்டு. 'அக்ரீ டு இட்' சரி, 'அக்ரீ டு பே'யும் சரி. 'என்டைட்டில்ட் டு இட்' சரி, 'என்டைட்டில்ட் டு க்ளெய்ம்' அதுவும் சரி. இந்த வகைச் சொற்கள் கொஞ்சம்தான், எழுத எழுதப் பழகிவிடும்.

இதே 'டு' அலுவலக ஆங்கிலத்தில் இன்னும் பல இடங்களில் ஒளிந்திருக்கிறது. நிறுவனங்களின் இணையதளங்களில் 'வி ஆர் கமிட்டட் டு டெலிவர்' என்று பார்த்திருப்பீர்கள். கவனமாக எழுதுகிறவர்கள் 'கமிட்டட் டு டெலிவரிங்' என்றுதான் எழுதுவார்கள். சுற்றறிக்கைகளில் வரும் 'வித் எ வியூ டு இம்ப்ரூவ்' என்பதும் 'இம்ப்ரூவிங்' ஆக வேண்டியது. கூடுதல் கட்டணத்தை எதிர்த்து எழுதும்போது 'வி அப்ஜெக்ட் டு பேயிங்'. ரொம்பக் குழப்புவது 'யூஸ்ட் டு'. 'ஐ யூஸ்ட் டு வொர்க் லேட்' என்றால் முன்பெல்லாம் இரவு வெகுநேரம் வேலை செய்வேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் லேட்' என்றால் வெகுநேரம் வேலை செய்து எனக்குப் பழக்கம். நேர்முகத் தேர்வில் ஒன்றுக்குப் பதில் மற்றதைச் சொன்னால், சொல்ல வந்ததற்கு நேர் எதிரான பொருள் போய்ச் சேரும்.

உங்கள் மெயிலில் இல்லாவிட்டாலும் நம் ஊர் மெயில்களில் அடிக்கடி கண்ணில் படும் இன்னும் இரண்டு பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, 'லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை'. 'உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற நினைப்பு இந்த வரிக்குள் நுழைந்து, 'வெயிட்'டோடு வர வேண்டிய 'ஃபார்'ஐ இங்கே கொண்டுவந்து வைத்துவிடுகிறது. இன்னொன்று, 'டு'வை விட்டுவிட்டு 'லுக்கிங் ஃபார்வர்ட் யுவர் ரிப்ளை' என்று எழுதுவது. இங்கே 'டு'வை எடுத்தால் வினையே அறுந்துபோகிறது. அப்புறம், 'ஐ' போடாமல் 'லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று தொடங்குகிறவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வினையில் தொடங்கும் வாக்கியத்தை ஏவலாகவும் படிக்கலாம். 'நீ எதிர்நோக்கி இரு' என்று பையருக்கு உத்தரவு போட்டது போல ஒரு நொடி தோன்றும். அலுவல் மெயிலில் 'ஐ' அல்லது 'வி' கட்டாயம் இருக்கட்டும்.

சரி, இரண்டாவது கேள்வி. 'ஐ லுக் ஃபார்வர்ட்', 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்', வெறும் 'லுக்கிங் ஃபார்வர்ட்' மூன்றுமே ஆங்கிலேயர் எழுதுபவைதான். முதலாவதில் ஒரு விறைப்பும் மரியாதையான தூரமும் இருக்கிறது. முன்பின் தெரியாத பையருக்குப் போகும் முதல் மெயில், வங்கி, தூதரகம், வேலை விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். இரண்டாவது இன்னும் நெருக்கமானது, உற்சாகம் சேர்ந்தது. வருகிற மாதம் கண்காட்சியில் சந்திக்கப்போகிற பழகிய பையருக்கு 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு சீயிங் யூ' என்று தாராளமாக எழுதலாம். அவருக்கு 'ஐ லுக் ஃபார்வர்ட்' என்று எழுதினால்தான் திடீரென்று விலகிப் போனது போல இருக்கும். மேலாளர் சொன்னது பாதி சரி என்றது இதனால்தான்.

மூன்றாவதான வெறும் 'லுக்கிங் ஃபார்வர்ட்' எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், எங்கே எழுதலாம் என்பதும் தெளிவாகிவிடும். பழைய ஆங்கிலக் கடிதங்கள் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ, ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடியும். கடிதத்தின் கடைசி வரி கையெழுத்தோடு சேர்ந்து முழு வாக்கியமாக நிற்கும். நம் ஊர்க் கடிதங்களில் 'தங்கள் மேலான பதிலை எதிர்நோக்கும், தங்கள் உண்மையுள்ள' என்று எழுதி அதன் கீழே பெயரை எழுதுகிறோமே, அதே அமைப்பு. தமிழில் 'எதிர்நோக்கும்' என்ற எச்சம் கீழே இருக்கும் பெயரைத் தழுவி முடிகிறது, வாக்கியத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆங்கிலத்திலோ 'ஐ ரிமெய்ன்' வழக்கொழிந்து போய்விட்டது, முன்பாதி மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. நாம் எழுதும் 'தேங்கிங் யூ' என்பதும் இப்படித் தலை போய் வால் நின்றதுதான். அன்றாட மெயிலில் இதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், இங்கிலாந்துக்காரர்களே எழுதுகிறார்கள். ஆனால் ஒப்பந்தம், விண்ணப்பம், புகார் என்று கோப்பில் ஏறப்போகிற எந்தக் கடிதத்திலும் முழு வாக்கியமாக எழுதுங்கள்.

இனி பொருளுக்கு வருவோம். 'ஹியர்', 'ஹியரிங்' பிழையைவிட இதில்தான் நம்மவர்கள் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். பிழையான இலக்கணத்தை பையர் பொறுத்துக்கொள்வார், அவருக்கும் ஆங்கிலம் இரண்டாவது மொழியாக இருக்கலாம். தொனி தவறினால் மனதில் வைத்துக்கொள்வார்.

தமிழில் 'எதிர்பார்க்கிறேன்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பலவற்றைச் சொல்லிவிடுகிறோம். 'உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்' என்பதில் ஆவலும் இருக்கலாம், கெடுவும் இருக்கலாம், வெறும் காத்திருப்பும் இருக்கலாம். குரலும் உறவும் மீதியைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் இதற்கு மூன்று தனித்தனிச் சொற்கள். 'லுக் ஃபார்வர்ட் டு' என்றால் மகிழ்ச்சியோடு எதிர்பார்ப்பது. 'எக்ஸ்பெக்ட்' என்றால் நடந்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது. 'அவெய்ட்' என்றால் மகிழ்ச்சியும் இல்லை, அழுத்தமும் அதிகம் இல்லை, வருவதற்காகக் காத்திருப்பது. தமிழில் நினைத்து எழுதும்போது மூன்றில் எது கைக்கு முதலில் வருகிறதோ அது விழுந்துவிடுகிறது. பல சமயம் விழுவது 'எக்ஸ்பெக்ட்'.

அந்தச் சொல்லின் கனம் தெரிய ஒரு பழைய சம்பவம் போதும். 1805 அக்டோபர் 21, டிரஃபால்கர் கடற்போர். போர் தொடங்குமுன் தளபதி நெல்சன் தன் கப்பற்படைக்குக் கொடிகள் மூலம் ஒரு செய்தி அனுப்பச் சொன்னார். அவர் முதலில் சொன்ன வாசகத்தில் 'கன்ஃபைட்ஸ்' என்ற சொல் இருந்தது, ஒவ்வொருவரும் தன் கடமையைச் செய்வார் என்று இங்கிலாந்து நம்புகிறது என்ற பொருளில். கொடி அதிகாரி ஜான் பாஸ்கோ அதற்குப் பதிலாக 'எக்ஸ்பெக்ட்ஸ்' என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். 'எக்ஸ்பெக்ட்ஸ்' சமிக்ஞைப் புத்தகத்திலேயே இருந்தது, மற்றதை எழுத்தெழுத்தாகக் கொடி ஏற்றிக் காட்ட வேண்டியிருக்கும். நேரம் இல்லை, நெல்சனும் ஒப்புக்கொண்டார். இன்று உலகம் அறிந்த அந்த வாக்கியத்தில் இருப்பது 'எக்ஸ்பெக்ட்ஸ்'. நம்பிக்கை என்று கிளம்பியது கடமை என்று போய்ச் சேர்ந்தது. மேலதிகாரி கீழே இருப்பவரிடம் சொல்லக்கூடிய சொல் அது. 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை பை ஃப்ரைடே' என்று நீங்கள் பையருக்கு எழுதினால், அவர் உங்களிடம் கைகட்டி நின்று பதில் சொல்ல வேண்டும் என்ற தொனி வந்துவிடுகிறது. நீங்கள் அப்படி நினைக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

'ஐ அவெய்ட் யுவர் ரிப்ளை'யில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் அதில் கொஞ்சம் குளிர் உண்டு. சட்ட நோட்டீஸ், காப்பீட்டுப் புகார் போன்றவற்றில் அந்தக் குளிர் தேவையானது. நட்பான வியாபார மெயிலில் அது முறைத்துக்கொண்டிருப்பது போல இருக்கும்.

இப்போது உங்கள் தாமத மெயிலை எடுத்துக்கொள்வோம். சாயப்பட்டறையில் துணி தேங்கிவிட்டது, ஷிப்மெண்ட் ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்று எழுதுகிறீர்கள். பையருக்குக் கடையில் சரக்கு வைக்க வேண்டிய தேதி தவறுகிறது. அவர் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த நிலையில் கடைசி வரியில் 'உங்கள் பதிலை மகிழ்ச்சியோடு எதிர்நோக்குகிறேன்' என்று படித்தால் அவருக்கு எப்படி இருக்கும்? 'லுக் ஃபார்வர்ட் டு'வில் அந்த மகிழ்ச்சி உள்ளேயே இருக்கிறது, அதைத் தனியாகக் கழற்றி வைக்க முடியாது. அதனால் மன்னிப்பு, புகார், இரங்கல், ஒருவருடைய விண்ணப்பத்தை நிராகரிப்பது ஆகிய கடிதங்களில் இதை எழுதாதீர்கள். புகாரில் எழுதினால் இன்னும் மோசம். 'வி லுக் ஃபார்வர்ட் டு யுவர் எக்ஸ்பிளனேஷன்' என்பது குத்தலாகத்தான் படும்.

தாமத மெயிலில் அவரிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று யோசியுங்கள். புதிய தேதியை அவர் ஏற்கிறாரா இல்லையா என்பது. அதையே எழுதிவிடுங்கள்: 'ப்ளீஸ் லெட் மி நோ பை தர்ஸ்டே வெதர் த ரிவைஸ்ட் டேட் இஸ் அக்ஸெப்டபிள் டு யூ.' மன்னிப்பு மேலே முதல் பத்தியிலேயே வந்துவிட்டதால் முடிவில் திரும்ப வேண்டாம். இந்த வரியோடு மெயில் முடிந்துவிட்டது. அவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது.

லேப் டிப், அதாவது நிறத்தைச் சரிபார்க்கச் சாயமேற்றிய சிறு துணி மாதிரி, அனுப்பிவிட்டு எழுதும் மெயிலிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு நிறத்துக்கு ஏ, பி, சி என்று இரண்டு மூன்று சாயல் போட்டு அனுப்புகிறீர்கள், பையர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், எல்லாவற்றையும் திருப்பி மறுபடி போடச் சொல்லலாம். அவர் துணியை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே 'வி லுக் ஃபார்வர்ட் டு யுவர் அப்ரூவல்' என்று எழுதினால், முடிவை நீங்களே எடுத்துவிட்டது போல ஆகிறது. 'யுவர் கமெண்ட்ஸ்' என்று எழுதுங்கள். அது இரண்டு பக்கத்துக்கும் இடம் விடுகிறது. 'ஃபேவரபிள் ரிப்ளை' என்று எழுதுவதிலும் இதே குறைதான். சாதகமான பதிலைத்தான் தர வேண்டும் என்று கையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். பழகிய பையர் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார், புதியவர் அப்படி இல்லை.

அவசரம் இருக்கும்போது இந்த வரியை நம்பவே கூடாது. 'லுக் ஃபார்வர்ட் டு'வில் கெடு கிடையாது. 'அட் யுவர் ஏர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்' என்பதையும் நம்மவர்கள் 'சீக்கிரம்' என்று நினைத்து எழுதுகிறார்கள், எதிர்ப்பக்கம் அது 'உங்களுக்கு வசதிப்படும்போது' என்றுதான் போய்ச் சேருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் நூல் புக் செய்தாக வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை என்று எழுதுங்கள், காரணத்தையும் எழுதுங்கள், யாருடைய நேரம் என்பதையும் எழுதுங்கள். ஜெர்மனி குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, கோடையில் மூன்றரை மணி நேரம். 'ஃப்ரைடே நூன், யுவர் டைம்' என்று எழுதிவிட்டால் குழப்பம் இல்லை. 'வி நீட் டு புக் த யார்ன் ஆன் ஃப்ரைடே, ஸோ குட் யூ சென்ட் யுவர் கமெண்ட்ஸ் பை நூன், யுவர் டைம்?' இதில் யாரும் யாரையும் அதட்டவில்லை, கெடுவும் தெளிவாக இருக்கிறது. இப்படி எழுதிவிட்டு, அதற்குக் கீழே 'வி லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று சேர்ப்பதில் தவறில்லை. வேலையை மேல்வரி செய்துவிட்டது, கீழ்வரி மரியாதைக்கு.

பாக்கிப் பணம் கேட்கும் மெயிலில் இது வழக்கத்தில் உள்ள வரிதான். முதல் நினைவூட்டலில் 'வி லுக் ஃபார்வர்ட் டு ரிசீவிங் யுவர் பேமெண்ட்' என்று எழுதலாம், மென்மையான அழுத்தம் என்று வியாபாரத்தில் எல்லோருக்கும் புரியும். இரண்டாவது நினைவூட்டலில் தேதியும் இன்வாய்ஸ் எண்ணும் மட்டும் பேசட்டும்.

இந்த வரியை மெயில் சிக்னேச்சரிலேயே சேர்த்து வைக்கும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. உங்களுடையதிலும் அப்படி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். 'நோட்டட், தேங்க்ஸ்' என்று ஒரு வரி பதில் போட்டாலும் அதற்குக் கீழே பதிலை எதிர்நோக்குவதாக நிற்கும். ஒரே நாளில் ஐந்து முறை போய் வரும் மெயில் சங்கிலியில் அதைப் படிக்கக்கூட மாட்டார்கள். படிக்கிற ஒரு நாள் மன்னிப்பு மெயிலாக இருக்கும்.

'லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிவர்ட்' என்று எழுதுவதும் நம் அலுவலகங்களில் பரவிவிட்டது. இந்தியாவில் 'ரிவர்ட்' என்றால் பதில் என்று எல்லோருக்கும் தெரியும், சென்னை அலுவலகத்துக்கு எழுதும்போது எழுதிக்கொள்ளுங்கள், நம் வழக்கில் அது நிலைத்துவிட்ட சொல்தான். இங்கிலாந்தில் பொதுவாக அந்தச் சொல்லுக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது என்று பொருள், அதைப் பெயர்ச்சொல்லாக எழுதுவதும் அவர்களுக்கு விசித்திரம். அங்கே போகும் மெயிலில் 'ரிப்ளை' என்றே எழுதுங்கள்.

உங்கள் பையர் தொழிற்சாலைக்கு வருவதாக இருந்தால், அது இந்த வரிக்கு மிகப் பொருத்தமான இடம். 'வி லுக் ஃபார்வர்ட் டு யுவர் விசிட்' என்று பெயர்ச்சொல் போட்டு எழுதுவது எளிது, அழகும்கூட. வினையோடுதான் எழுத வேண்டும் என்றால், சம்பிரதாயமான ஆங்கிலத்தில் 'டு யுவர் விசிட்டிங் அஸ்' என்று 'யுவர்' வரும். பேச்சில் 'டு யூ விசிட்டிங் அஸ்' என்பார்கள். 'ஐ'யா 'வி'யா என்றால், நிறுவனத்தின் சார்பில் சொல்வதற்கு 'வி', உங்கள் சொந்த வேலையாகச் சொல்வதற்கு 'ஐ'. ஒரே மெயிலில் பாதியில் மாறாமல் இருந்தால் போதும்.

தம்பி விஷயம். விண்ணப்பக் கடிதத்தின் முடிவுக்கு அவருக்கு ஒரு வாக்கியம் தருகிறேன்: 'ஐ லுக் ஃபார்வர்ட் டு த ஆப்பர்சூனிட்டி டு டிஸ்கஸ் மை அப்ளிகேஷன் வித் யூ.' இதில் இரண்டு 'டு'வும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. முதல் 'டு' 'லுக் ஃபார்வர்ட்'டோடு சேர்ந்தது, அதன் பின்னால் 'ஆப்பர்சூனிட்டி' என்ற பெயர்ச்சொல். இரண்டாவது 'டிஸ்கஸ்'ஸோடு சேர்ந்தது, விவாதிக்க என்பதன் 'க்க'. அதனால் அங்கே 'டிஸ்கஸிங்' வராது. 'ஆப்பர்சூனிட்டி'யை எடுத்துவிட்டால் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு டிஸ்கஸிங் மை அப்ளிகேஷன் வித் யூ' என்று ஆகிவிடும். இந்த இரண்டு வரியையும் அவரே நான்கு முறை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். 'டிஸ்கஸ் அபவுட்' என்று மட்டும் எழுதிவிட வேண்டாம், 'டிஸ்கஸ்'ஸிலேயே 'பற்றி' அடங்கியிருக்கிறது. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வருமா என்றே தெரியாதபோது 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஜாயினிங் யுவர் கம்பெனி' என்பது மிகை. கலந்து பேச ஆவல் என்பதோடு நிறுத்துவதே அழகு.

அவர் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் ஜெனரல் ட்ரெய்னிங் பிரிவை எழுதுகிறார் என்றால், எழுத்துத் தேர்வின் முதல் பகுதியே கடிதம்தான். குறைந்தது 150 சொற்கள், சுமார் 20 நிமிடம். நண்பருக்கு, தெரிந்த ஒருவருக்கு, தெரியாத அதிகாரிக்கு என்று எது வேண்டுமானாலும் கேட்பார்கள், தொனி பொருந்துகிறதா என்பதையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். நண்பருக்கு 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு சீயிங் யூ', அதிகாரிக்கு 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ'. வாடகை வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரருக்குப் புகார் எழுதச் சொன்னால் இந்த வரி வேண்டாம். எப்போது ஆள் அனுப்பிச் சரிசெய்வீர்கள் என்று கேட்டு முடிக்கட்டும்.

'டியர் சர்' அல்லது 'டியர் மேடம்' என்று தொடங்கிய கடிதத்தை 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்றும், பெயர் சொல்லித் தொடங்கியதை 'யுவர்ஸ் சின்ஸியர்லி' என்றும் முடிப்பது இங்கிலாந்து வழக்கம். தம்பி விண்ணப்பிக்கும் இடத்தில் பொறுப்பாளரின் பெயர் விளம்பரத்திலோ இணையதளத்திலோ கிடைத்தால் பெயர் சொல்லியே தொடங்கச் சொல்லுங்கள்.